மார்பளவுத் தண்ணீர்

ஆதிநாராயணனைத் திட்டுவதற்கு முன்னால் என்னைத் திட்டிக்கொள்ள வேண்டும். அந்த வரிசை மாறினால் நான் சொல்வதை யாரும் நம்ப வேண்டியதில்லை. என் பெயர் நாகப்பன். பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டை கட்டி இருந்த காலத்தில், அவர்கள் கப்பலுக்குச் சரக்கு கொண்டுபோகும் சலங்குப் படகு ஒன்றுக்கு நான் தண்டல். பத்துத் துடுப்புக்காரர்கள் என் சொல்லுக்குத்தான் இழுப்பார்கள், என் சொல்லுக்குத்தான் நிறுத்துவார்கள். அவர்கள் உயிர் என் வாயில் இருந்தது. அந்த வாயை ஒரு நாள் வேண்டுமென்றே மூடிக்கொண்டேன்.

சலங்கில் ஆணி கிடையாது. பலகையோடு பலகையைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடித்தால் வளைந்து கொடுக்கும். துணிப் பொதிகளை ஏற்றிக்கொண்டு ஏரியைக் கடந்து, முகத்துவாரம் வழியாக வெளியேறி, கடலில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலில் சேர்க்க வேண்டும். இப்படி ஓடிய பன்னிரண்டு சலங்குகளும் ஆதிநாராயணனுடையவை. கோட்டையில் பேசிக் குத்தகை எடுத்தவன் அவன். ஒரு நாளாவது சலங்கில் ஏறி முகத்துவாரத்தைத் தாண்டியிருப்பானா என்றால், இல்லை. கரையில் குடைக்கடியில் நின்று கையை ஆட்டுவான். கையை ஆட்டுவதற்கு முதலாளி எதற்கு, ஒரு தென்னை மட்டை போதுமே என்று பொன்னுரங்கம் சொல்வான்.

பொன்னுரங்கம் என் முதல் துடுப்பு. வாய்த்துடுக்கு அதிகம். கூழ்ப் பானையைத் திறந்தால் கூழைக் குறை சொல்வான், வாடைக் காற்று வந்தால் காற்றைக் குறை சொல்வான். ஆனால் அவன் இழுப்பைப் பார்த்துத்தான் மற்ற ஒன்பது பேரும் இழுப்பார்கள். அவன் பெண்டாட்டி முத்தம்மாள் ஏரியில் கையால் நண்டு பிடிப்பவள். அவள் எப்படி இவனைச் சகிக்கிறாள் என்று நாங்கள் கேலி செய்வோம். நண்டு பிடித்துப் பழகிய கை என்று அவனே சொல்வான்.

முகத்துவாரத்தில் மணல் ஓர் இடத்தில் நிற்காது. நேற்று ஆழமாக இருந்த வழி இன்று திட்டாகிவிடும். கழி போட்டுப் பார்த்தால் ஆழம் தெரியும், மணல் இறுகியதா இளகியதா என்று தெரியாது. அதற்குக் கால்தான் வேண்டும். ஆகவே எங்களுக்கு முன்னால் ஆழக்காரன் ஒருவன் இறங்கி நடப்பான். ஓர் அலை போய் அடுத்தது வருவதற்குள் தண்ணீர் உடம்பில் எங்கே நிற்கிறதோ, அதைக் கூவுவான். முழங்கால் என்றால் திரும்பிவிட வேண்டும். இடுப்பு என்றால் பாதிப் பாரம். மார்பு என்றால் முழுப் பாரம் ஏற்றிப் போகலாம்.

பதினைந்து வருஷமாக அதைக் கூவியவன் என் மச்சான் கருப்பன். அதற்கு முன் அவனுடைய நைனா. இருவரும் வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரம். இத்தனை வருஷத்தில் மார்பு என்பது எங்களுக்கு ஓர் ஆழத்தின் பெயராகவே ஆகிவிட்டது. அது ஒரு மனிதனுடைய மார்பு என்பது யாருக்கும் நினைவில்லை. யாருக்கும் என்று சொன்னேன், ஆதிநாராயணனுக்கு நினைவிருந்தது.

அந்த வருஷம் மழை ஓய்ந்து மணல் ஏறியிருந்தது. கப்பல் வெளியே காத்திருந்தது. நாலு நாளாகக் கருப்பன் காலையில் இறங்கி இடுப்பு என்றே கூவினான். பாதிப் பாரம் ஏற்றினால் இரண்டு மடங்கு நடை போக வேண்டும், அதற்குள் கப்பல் கிளம்பிவிடும் என்று ஆதிநாராயணன் குதித்தான். நாலாம் நாள் கருப்பனைக் கூப்பிட்டு, நாளைக்கு மார்பு என்று கூவு என்றான். தண்ணி ஏறினா கூவறேன் ஐயா என்று கருப்பன் சொன்னான். அன்றே அவனை வேலையிலிருந்து நிறுத்தினான்.

அன்று சாயங்காலம் என்னையும் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனான். அங்கே தடவி இறால் பிடிக்கிறவர்கள் மூன்று பேரை வரச்சொல்லி வரிசையாக நிற்க வைத்தான். ஏரியில் எத்தனை வருஷம், மணல் தெரியுமா, குரல் கேட்குமா என்று எதையும் கேட்கவில்லை. மேலிருந்து கீழே பார்த்தான், அவ்வளவுதான். மூவரில் குட்டையானவனைத் தொட்டு, நீ வா என்றான். அவன் பெயர் மூர்த்தி. என் தோளுக்குக் கீழே இருந்தான்.

எனக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் புரிந்தது ஆதிநாராயணனுக்கும் புரிந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"பன்னெண்டு சலங்கு கீது நாகப்பா. எல்லாத்துக்கும் சேத்து ஒரு பெரிய தண்டல் வேணும்னு நெனைக்கிறேன். நீ இன்னா சொல்ற?"

நான் என்ன சொன்னேன்? உங்க இஷ்டம் ஐயா என்று சொன்னேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பெரிய தண்டல், பெரிய தண்டல் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். இன்றைக்கு நினைத்தாலும் என் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

மறுநாள் காலையில் மூர்த்தி இறங்கினான். நல்ல வேலைக்காரன், அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. குறுக்கும் நெடுக்குமாக நடந்தான், காலால் மணலை மிதித்துப் பார்த்தான், ஓர் அலைக்கு மூன்று அலை நின்று பார்த்துவிட்டுத்தான் கூவினான். மார்பு. பொய் இல்லை. தண்ணீர் அவன் மார்பில்தான் இருந்தது. பின்னால் இருந்த சலங்குக்காரர்கள் சந்தோஷத்தில் அதையே திருப்பிக் கூவினார்கள். ஆதிநாராயணன் குடைக்கடியிலிருந்து கையை ஆட்டினான். முழுப் பாரத்தோடு முதலில் போனது என் சலங்கு.

திட்டை நெருங்கும்போது பொன்னுரங்கம் துடுப்பை நிறுத்தித் திரும்பினான்.

"இன்னா தண்டலே, தண்ணி நெறம் வேற மாரி கீதே. அடி தெரியுது பாரு."

அப்போதாவது திருப்பியிருக்கலாம். ஒரு சொல் போதும்.

"மார்புன்னு கூவிட்டான் இல்ல? இழு" என்றேன்.

இழுத்தான். என் சொல்லுக்கு இழுப்பதுதானே அவன் வேலை. முன்பக்கம் மணலில் குத்தி நின்றது. பின்பக்கத்தை அலை தூக்கிக் குறுக்கே திருப்பிப் போட்டது. அடுத்த அலை பக்கவாட்டில் வந்து எல்லாவற்றையும் கவிழ்த்தது. பொதியும் ஆளும் ஒன்றாகத் தண்ணீருக்குள் போனோம். நான் எழுந்து பார்த்தபோது ஒன்பது தலை எண்ணினேன். இன்னொரு முறை எண்ணினேன். பொன்னுரங்கம் இல்லை.

அவனைத் தேடி எடுத்தவன் மூர்த்திதான். கலங்கின தண்ணீரில் கண் தெரியாது. இறாலைத் தடவுகிற கையால் தடவிக்கொண்டே போய், கவிழ்ந்த சலங்குக்கும் மணலுக்கும் நடுவில் கிடந்தவனை இழுத்து வந்தான். அவனைக் கரையில் போட்டுவிட்டு நிமிர்ந்தவன் மேல் எங்கள் ஆட்கள் பாய்ந்தார்கள். பொய் கூவிக் கொன்றுவிட்டான் என்று அடித்தார்கள். மார்புதான் இருந்துச்சு, மார்புதான் இருந்துச்சு என்று அவன் அடி வாங்கிக்கொண்டே சொன்னான். அவனுக்கே அவன் என்ன தப்புச் செய்தான் என்று புரியவில்லை.

கோட்டைத் துபாஷி வந்தார். ஒல்லாந்தருக்கும் எங்களுக்கும் நடுவில் நின்று பேசுகிறவர். நனைந்த பொதிகளை முதலில் பார்த்தார், பிறகு பிணத்தைப் பார்த்தார். யாராவது பதில் சொல்ல வேண்டும் என்றார். ஆதிநாராயணன் முந்திக்கொண்டான். ஆழக்காரன் பொய் கூவினான், கூட்டிக்கொண்டு போங்கள் என்றான். அதற்கு என்ன தண்டனை என்பது எல்லோருக்கும் தெரியும். கோட்டை வாசலில் கட்டி வைத்து இருபத்து நாலு கசையடி, அப்புறம் ஏரியில் கால் வைக்கக் கூடாது. ஏரியில் கால் வைக்காமல் அவன் என்ன தின்பான்?

மூர்த்தியின் கையைக் கட்டினார்கள். ஆதிநாராயணன் என்னைப் பார்த்தான். நேற்றுச் சிரித்த அதே சிரிப்பு. அந்தச் சிரிப்பில் நானும் பங்காளி என்பது அப்போதுதான் என் புத்தியில் ஏறியது.

அவிழ்த்து விடுங்கள் என்றேன். கருப்பனைக் கூப்பிட்டேன். அவன் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தான். இருவரையும் ஏரிப் பக்கம் அலையில்லாத தண்ணீரில் இறக்கி, பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்தேன். மூர்த்தியை மார்பு வரும் வரை நடக்கச் சொன்னேன். பிறகு துபாஷியிடம் கருப்பனைக் காட்டினேன். தண்ணீர் அவன் இடுப்பில் இருந்தது.

துடுப்புக்காரர்கள் மூர்த்தியைப் பார்த்தார்கள், கருப்பனைப் பார்த்தார்கள், தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள்.

ஆதிநாராயணன் அசரவில்லை. குட்டை நெட்டை எல்லாம் எனக்கென்ன தெரியும், நான் தண்ணீரில் இறங்குகிறவனா, ஆளைப் பார்த்ததும் சொல்ல வேண்டியவன் தண்டல்தானே என்றான். துபாஷி என் பக்கம் திரும்பினார்.

"உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்றால் விட்டுவிடுவார்கள். பெரிய தண்டல் வேலைகூடக் கிடைத்திருக்கும்.

"தெரியும்" என்றேன். "மூணு பேர நிக்க வச்சிக் குட்டையா கீறவன இவரு பொறுக்கினாரு. நான் பக்கத்துல நின்னுக்கினு இருந்தேன். எதுக்குன்னு தெரிஞ்சுது. பெரிய தண்டல் ஆக்கறேன்னாரு. வாய மூடிக்கினேன்."

துபாஷி முதல் பாதியைக் காதில் வாங்கவில்லை. குத்தகைக்காரனை அடித்தால் நாளைக்குச் சலங்கு யார் தருவார்? தண்டல் ஒப்புக்கொண்டான் என்று எழுதிக்கொண்டார். மூர்த்தியைக் கட்டியிருந்த அதே கயிற்றால் என் கையைக் கட்டினார்கள். முத்தம்மாள் புருஷன் தலையை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. ஏன்டா பாவி என்று அவள் கேட்டிருந்தால் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பேன்.

மறுநாள் காலையில் கோட்டை வாசலில் அடித்தார்கள். ஊரே வந்து நின்றது. ஆதிநாராயணனும் குடையோடு வந்திருந்தான். துபாஷிக்குப் பக்கத்தில் நின்று, அடி முடிந்ததும் சலங்குகளை இறக்க வேண்டும், கப்பல் இன்னும் இரண்டு நாள்தான் நிற்கும் என்று பேசிக்கொண்டிருந்தான். அது என் காதில் விழுந்தது. முதுகில் விழுந்ததைவிட அதுதான் எரிந்தது.

இருபத்து நாலும் முடிந்து கட்டை அவிழ்த்தபோது கால் நிற்கவில்லை. கருப்பனும் மூர்த்தியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். மூர்த்தி ஏன் பிடிக்க வந்தான் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முத்தம்மாள் முன்னால் வந்தாள். காறித் துப்புவாள் என்று நினைத்தேன். துப்பட்டும் என்றும் நினைத்தேன்.

"போதல" என்றாள்.

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. குடைக்கடியில் நின்றவனைப் பார்த்துச் சொன்னாள். "இவனுக்கு உண்டானது இவன் வாங்கிக்கினான். மீதி யாரு வாங்கறது?"

ஒன்பது துடுப்புக்காரர்களும் திரும்பிக் கரைக்கு நடந்தார்கள். பின்னாலேயே மற்ற சலங்குக்காரர்களும் போனார்கள். ஆதிநாராயணன் பின்னால் நின்று கையை ஆட்டினான். அவர்கள் துடுப்புகளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். கப்பல் இரண்டு நாள் நின்றது, மூன்றாம் நாள் சரக்கில்லாமல் போனது.