பொங்கல் ஓட்டத்துக்கு இரட்டைச் சம்பளம்

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு பஸ் ஓடினால் இரட்டைச் சம்பளம் என்று அப்புத்துரை முதலாளி போன வருடமும் சொன்னார், அதற்கு முந்தின வருடமும் சொன்னார். சொல்வதில் அவர் ஒருநாளும் கஞ்சத்தனம் பார்த்ததில்லை. கண் மூடாமல் ஓடினவர்கள் பொங்கல் முடிந்து காசு கேட்டு அவருடைய கந்தோர் வாசலில் போய் நின்றால், டயர் விலையைக் கதைத்தே திருப்பி அனுப்பிவிடுவார்.

இந்த முறை மூன்று பஸ்ஸின் ஆறு பேரும் ஒன்றுபட்டார்கள். சனத்தைக் கோயிலுக்குக் கொண்டுவருவது. காசு கைக்கு வராமல் திருப்பி ஏற்றுவதில்லை. ஐந்து பேர் அம்மன் வாசலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். ஆறாவது ஆள் வவுனியா பஸ்ஸின் சாரதி, தண்ணீரூற்றைச் சேர்ந்த இஸ்ஸதீன்.

"எனக்குக் கற்பூரம் வேண்டாம். நான் சொன்னால் சொன்னதுதான்."

"நானாட வாய்ச்சொல் காணும்," என்றான் அவனை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் கொண்டக்டர் வீரகத்தி. இஸ்ஸதீனின் மனைவி ஜொஹறா கட்டிக் கொடுக்கும் ஒரே பார்சலில் வருடக்கணக்காகச் சோறு தின்றவர்கள் இருவரும்.

பொங்கல் முடிந்த மறுநாள் காலை, ஊர் திரும்ப வேண்டிய சனம் பஸ்களைச் சுற்றி நின்று கத்தியது. காரில் வந்து இறங்கிய முதலாளிக்கு வியர்த்துக் கொட்டியது. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் மனுசன் மடங்கியிருப்பார்.

அப்போதுதான் ஒரு பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். விடிந்ததிலிருந்து சத்தியும் வயிற்றோட்டமும். பிள்ளையின் கண் செருகியிருந்தது.

"அண்ணை, ஆஸ்பத்திரிக்கு விடுங்கோ. உங்களைக் கும்பிடுறன்."

இஸ்ஸதீன் முதலாளியின் காரைக் கேட்டான்.

"பஸ் வைச்சிருக்கிறது எதுக்கடா?" என்றார் அவர்.

இஸ்ஸதீன் வீரகத்தியைப் பார்த்தான். வீரகத்தி நிலத்தைப் பார்த்தான்.

"பிள்ளையை மட்டும் விட்டிட்டு வாறன்," என்று இஸ்ஸதீன் தனியாக ஏறி இஞ்சினை முடுக்கினான். சனம் விடுமா? படியிலும் யன்னலிலும் தொற்றி பஸ்ஸை நிறைத்துவிட்டது. இறக்கிக்கொண்டிருக்க நேரமில்லை.

"பாருங்கோடா, இஸ்ஸதீன் ஓடுறான்! ஓடாதவன் நாளைக்கு வேலைக்கு வரத் தேவையில்லை," என்று முதலாளி கத்தியது அவன் காதிலும் விழுந்தது. அவன் திரும்பி வந்தபோது மற்ற இரண்டு பஸ்ஸும் சனத்தை ஏற்றிக்கொண்டு போய்விட்டன.

பிள்ளை பிழைத்தது. அதை விசாரிக்க அவனைத் தவிர ஒருவரும் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை.

சம்பளத்தன்று முதலாளி எல்லாரும் பார்க்க அவனைக் கந்தோருக்குள் கூப்பிட்டார். மேசையில் இரட்டைச் சம்பளம் இருந்தது.

"மற்ற ஆக்களுக்கு?"

"முதல் ஓடினவனுக்கு மட்டுந்தான்."

"அப்ப எனக்கும் வேண்டாம், முதலாளி."

முதலாளி சிரித்தார். "எடுத்தாலும் விட்டாலும், எடுத்தாய் எண்டுதான் வெளியில நிக்கிறவங்கள் சொல்லுவாங்கள்."

அந்த வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அதுதான்.

இஸ்ஸதீன் வெளியே வந்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். "ஒரு சதமும் எடுக்கேல்லை."

வீரகத்தி அவனுடைய சட்டைப் பையைப் பார்த்தான். "கற்பூரம் அணைக்காதவன்ர கதை," என்றுவிட்டு பஸ்ஸில் ஏறினான்.

மத்தியானம் வவுனியாப் பாதையில் பஸ்ஸை நிறுத்தி இஸ்ஸதீன் சோற்றுப் பார்சலை அவிழ்த்தான். ஜொஹறா வழக்கம்போல இரண்டு பேருக்குக் கட்டியிருந்தாள். வீரகத்தி மரத்தடியில், முதுகைக் காட்டிக்கொண்டு, கடையில் வாங்கிய வெறும் பாணைத் தின்றுகொண்டிருந்தான்.