என் தலை அளவு

நீட்டிய என் இரண்டு மணிக்கட்டுகளிலும் மாட்டிய பச்சை உல்லன் வளையம் சுற்றுச் சுற்றாகக் குறைந்துகொண்டிருக்கிறது, எதிரே உட்கார்ந்து மரகதம் உருண்டை சுற்றுகிறாள், நூல் போகிற பக்கமெல்லாம் நானும் சாய்ந்து சாய்ந்து நிமிர்கிறேன், கையை இறக்காதீங்க, மூக்கு அரிக்குது மரகதம், அரிக்கட்டும், இன்னும் கொஞ்சம்தான், என்று சொல்லிவிட்டு அவளே என் மூக்கைச் சொறிந்துவிட்டு மறுபடி சுற்றுகிறாள், சன்னலுக்கு வெளியே குன்னூர்ச் சரிவில் பனி ஏறுகிறதா இறங்குகிறதா தெரியவில்லை, கண் திறந்தால் வளையம் நாற்காலியின் முதுகில் தொங்குகிறது, உருண்டை என் கையில் இருக்கிறது, என் மனைவி போய் ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது, நாற்காலிக்கு மூக்கு அரிப்பதில்லை.

திருப்பூரிலிருந்து வந்திருக்கும் மகள் சுகந்தி காலையில்தான் சொன்னாள், அப்பா, அம்மாவோட உல்லன் பெட்டியை முதியோர் இல்லத்துக்குக் குடுத்துடலாம், ஞாயித்துக்கிழமை ஆள் வர்றாங்க, பூச்சி அரிச்சு வீணாப் போறதுக்கு யாராவது பின்னட்டுமே, அவள் சொன்னதில் தப்பே இல்லை, ஆனாலும் நான் பின்னிக்கிறேன் என்றேன், நீங்களா என்று சிரித்தாள், அந்தச் சிரிப்பு அவள் அம்மாவுடையது, சரி, அதுக்குள்ள ஒரே ஒரு குல்லா பின்னிக் காட்டுங்க, பெட்டி இங்கேயே இருக்கட்டும்.

காட்ட வேண்டும், ஆனால் இது லைன்மேனாக இருந்த கை, ஒருமுறை மரகதம் அடுப்படியில் இருக்கும்போது உதவுவதாக நினைத்து, கம்பியைச் சுற்றுவதுபோல உல்லனை இழுத்து இழுத்துச் சுற்றிவைத்தேன், அவள் அதைத் தரையில் போட்டுப் பார்த்தாள், டொக்கென்றது, ஏங்க, இதென்ன கரண்டு கம்பியா, இப்படி இறுக்கினா துவைச்சதும் சுருங்கிப் பச்சைக்குழந்தைக்குத்தான் ஆகும், ரெண்டு விரலை உள்ளே வெச்சுச் சுத்துங்க, விரலை எடுத்ததும் அந்த இடத்துல உல்லன் மூச்சு விடும், பிறகு கடைசி மாதங்களில், விரல் மரத்து அவளுக்கு ஊசி நிற்காமல் போனபோது, நீங்க பின்னுங்க, நான் பார்க்கிறேன் என்று படுத்தபடியே பார்த்தாள், கண்ணி நழுவினால் பார்வையாலேயே காட்டினாள், நான் திட்டு வாங்கிக்கொண்டே பின்னினேன், அத்தனை நிம்மதியான திட்டை நான் வாங்கியதில்லை.

அவள் பின்னிய எந்தக் குல்லாவும் முதலில் என் வழுக்கையில்தான் உட்காரும், பால்காரர் பெள்ளிக்கு என் தலைக்கு ஒரு விரல் கூட, மருந்துக்கடை இருதயராஜுக்கு ஒரு விரல் குறைச்சல், நல்லாருக்கே, எனக்கே குடேன் என்பேன், உங்களுக்கு அப்புறம் என்று கழற்றிக்கொண்டு போவாள், அந்த அப்புறம் வரவில்லை, வராவிட்டால் என்ன, இன்றைக்கும் கடைத்தெருவில் நடந்தால் எதிரே என் தலைகளாக வருகின்றன, அத்தனை முறை என் நெற்றியைத் தொட்டு அளந்தன அவள் விரல்கள், குல்லாவை எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள், விரல்கள் எனக்குக் கிடைத்தன.

ஊசி ஏறி இறங்குகிறது, சனிக்கிழமை மதியம் குல்லாவின் உச்சி நெருங்கும்போது பச்சை தீர்ந்துவிட்டது, பெட்டியில் துழாவி, பெள்ளியின் குல்லாவில் மிஞ்சிய சிவப்பை எடுத்து முடித்தேன், சுகந்தி அதை வாங்கி என் தலையில் மாட்டினாள், புருவத்தை மூடிக்கொண்டு இறங்கியது, பாச்சை உருண்டை வாசனை, கிளி மூக்கை மேல வெச்ச மாதிரி இருக்குதுப்பா என்று சிரித்தவள் குல்லாவின் ஓரத்தில் விரல் விட்டுப் பார்த்தாள், ரெண்டு விரல் பெருசு என்றாள், என் நெற்றியில் அந்த விரல்கள் அப்படியே நின்றன, மூச்சு விடட்டும்மா என்றேன், அவள் குல்லாவை என் புருவத்துக்கு மேலே ஏற்றிவிட்டு, அடுத்தது என்னப்பா என்றாள்.

சாம்பல் நிறத்தில் இருதயராஜுக்கு மப்ளர், துண்டு துண்டாக மிஞ்சியதையெல்லாம் சேர்த்து ஒரு போர்வை, திருப்பூர் வெயிலில் உனக்கு உல்லன் எதற்கு, உன் தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு சட்டை, சொல்லிக்கொண்டே போகிறேன், சாம்பல் வளையத்தை எடுத்து நாற்காலியில் மாட்டப் போனால், குடுங்க என்று சுகந்தி நாற்காலியை நகர்த்திவிட்டு எதிரே உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டுகிறாள், நான் விரல் இரண்டை உள்ளே வைத்துச் சுற்றுகிறேன், வளையம் குறைகிறது, அவள் சாய்ந்து சாய்ந்து நிமிர்கிறாள், கையை இறக்காதே, அப்பா, மூக்கு அரிக்குது, அரிக்கட்டும், இன்னும் நிறைய இருக்கிறது, என்று சொல்லி எட்டி அவள் மூக்கைச் சொறிந்துவிடுகிறேன்.