கேசட் கடையில் கேக்

நன்னிலம் கடைத்தெருவில் என் கட்டடத்தின் நெற்றியில் ‘ரெத்தினம் பில்டிங்’ என்று என் பேர் பெரிய சிமெண்ட் எழுத்தில் இருக்கிறது. இதுவரை ஒரு பயலும் அந்தப் பேரைச் சொன்னதில்லை. எங்கள் ஊருக்கு ஒரு கெட்ட பழக்கம். கடையில் இருப்பவரை விட்டுவிட்டு, காலி செய்துகொண்டு போனவரின் கடையைச் சொல்லித்தான் வழி காட்டுவார்கள். என் கட்டடத்துக் கடையில் ஜெக்கரியா சைக்கிள் வாடகைக்கு விட்டபோது அது ‘ஜவுளிக்கடை’. அவர் போய் பிரபு கேசட் விற்க வந்ததும் ‘சைக்கிள் கடை’ ஆயிற்று. பிரபுவும் போனார். போன தை மாதம் அங்கே அனீஸா கேக் கடை திறந்தாள். ஊருக்கு அது ‘கேசட் கடை’.

வேளாங்கண்ணியிலிருந்து கல்யாணக் கேக் வாங்க வந்தவர், ‘அனீஸா கேக்ஸ் எங்கே?’ என்று தெரு முழுக்க விசாரித்திருக்கிறார். வாசலில் பூ விற்கும் காளியம்மாள் கூட, “அப்படி ஒரு கடை இங்க இல்லீங்களே” என்று அனுப்பிவிட்டாள். தினமும் அனீஸா கொடுக்கும் கேக்கைத் தின்கிறவள்!

“அவ பேர்ப் பலகைக்குக் கீழயே உக்காந்துகிட்டு இல்லன்னியா?” என்று கத்தினேன்.

“கேசட் கடைன்னு கேட்டிருந்தா கையப் புடிச்சே கூட்டிட்டு வந்திருப்பேன்.”

அனீஸா அழுதுவிட்டாள். “மாசக் கடைசியில காலி பண்ணிடுறேண்ணே. இருக்கிற கடையையே இல்லன்னா நான் எப்படிப் பொழைக்கிறது?”

எனக்கு மனசே ஆறவில்லை. அடுப்பும் அலமாரியுமாக அவள் எவ்வளவு ஆசையாகப் போட்ட கடை! வேறு வழியில்லாமல் ‘கடை வாடகைக்கு’ என்று ஒரு அட்டையைக் கட்டினேன்.

மறுநாள் காலையில் காளியம்மாள் ஆட்டோக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: “அதாம்பா, அனீஸா கேக் கடை. காலியாவுதுல்ல, அது!”

சாயங்காலத்துக்குள் ஊரே அந்தப் பேரைச் சொல்லிற்று. போவதற்குள் ஒன்று வாங்கிவிடுவோம் என்று வந்தவர்கள் மறுபடியும் வந்தார்கள். அடுப்பு அணையவே இல்லை.

மாசக் கடைசியில் அனீஸா என் வீட்டுக்கு வந்தாள். கையில் சாவி இல்லை, கேக் பெட்டி இருந்தது.

“நான் காலி பண்ணலண்ணே. ஆனா அந்த அட்டைய மட்டும் அவுத்துடாதீங்க.”

இன்னும் தொங்குகிறது. வாடகைக்குக் கேட்டு வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு துண்டு கேக் கொடுத்து அனுப்புகிறாள்.

‘ரெத்தினம் பில்டிங்’ என்று இந்த ஊரைச் சொல்ல வைக்கும் வழி இப்போது எனக்கும் தெரிந்துவிட்டது. ஆனால், எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.