மேகத்துக்கும் மேலிருந்து ஒரு கோடு

பூமிக்கடியில், பாறையைக் குடைந்த கூடத்தில், ஐந்து மாடி உயரத்துக்கு நின்றது அந்தக் கருவி. அணுவைவிடச் சிறிய துகள்கள் கடந்துபோகும் தடத்தைப் பிடிப்பதற்காகக் கட்டியது. அதன் இரும்பு மூடியைத் தண்டவாளத்தில் நகர்த்தி மூடுவது கணவரின் வேலை. உள்ளிருந்து செய்தியை ஒளியாகக் கொண்டுவரும் கண்ணாடி இழைகளைப் பொருத்துவது மனைவியின் வேலை. இன்று மூடினால் பல வருடங்களுக்குத் திறக்க மாட்டார்கள். அவள் இன்னும் மூடிக்கும் கருவிக்கும் நடுவிலுள்ள இடுக்கை விட்டு வெளியே வரவில்லை.

“இன்னுமா?” வாக்கிடாக்கியில் கேட்டார்.

“ஒரு லைன்ல ஒளி வரலைங்க.”

“ஆயிரக்கணக்குல ஒண்ணு. போனா குடியா முழுகிடும்?”

“மூடிட்டா அந்த இடம் குருடுதான். கொஞ்சம் பொறுங்க.”

முணுமுணுத்துக்கொண்டே மோட்டாரை அணைத்து, சாவியை உருவிக்கொண்டு அவளிடமே வந்துவிட்டார்.

முடியளவு இழை. அதற்குள் ஓடுவது கண்ணுக்குத் தெரியாத ஒளி. இத்தனை வருடங்களில் அவளே அதைப் பார்த்ததில்லை, மீட்டர் சொன்னால்தான் உண்டு. இழையின் முனையைக் கைநுண்ணோக்கியில் செருகினாள். திரையில் நிலா போல ஒரு வட்டம். நட்டநடுவில் பாறாங்கல் போல ஒரு தூசி.

“இதுக்கா இந்தப் பாடு!” என்றார்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைத்தாள். வட்டம் பளிச்சென்றது. இணைத்ததும் மீட்டரில் எண் ஏறியது.

மூடியைப் பூட்டிவிட்டு இருவரும் மேலே கண்காணிப்பு அறைக்குப் போனார்கள். தடித்த கண்ணாடி போட்ட விஞ்ஞானி இருந்தான். எல்லோருக்கும் அவன் சோடாபுட்டி. திரை வெறுமையாக இருந்தது. திடீரென்று மேலிருந்து கீழாக, நூல் பிடித்தாற்போல ஒரு கோடு.

“யாருப்பா அனுப்பினது?”

“யாருமே இல்லண்ணே. துகளை அனுப்புற மெஷினே இன்னும் ஓடல. மேகத்துக்கும் மேல பிறந்த துகள். இவ்வளவு பாறையையும் துளைச்சுக்கிட்டு வந்திருக்கு.”

அவள் கோட்டின் நடுவில் ஒரு புள்ளியைத் தொட்டாள். “இது நம்ம லைனுங்க.”

அவர் குனிந்து அந்தப் புள்ளியை உற்றுப் பார்த்தார். சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

வெளியே நல்ல வெயில். பஸ் நிறுத்தத்தில் அவர் அண்ணாந்து பார்த்தார்.

“இப்பவும் வருதா?”

“வந்துக்கிட்டேதான் இருக்கு. உங்களையும் என்னையும் துளைச்சுக்கிட்டு.”

அவர் உள்ளங்கையை விரித்து நீட்டினார். அவளும் நீட்டினாள். பஸ் வந்தது, இருவரும் ஏறவில்லை.