ரெட் ஹெரான் அட்டை
லிவர்பூலில் பழைய கணினிக் கண்காட்சி. 'ரெட் ஹெரான்: திவாலான விளையாட்டு நிறுவனம்' என்ற அட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள் வினிஃப்ரெட். அந்த நிறுவனத்தில் ஒன்பது வருடம் கணினி விளையாட்டுகளைக் கேசட்டில் பதிந்தவள் அவள்.

"குடுங்க மேடம், திவாலானது நிஜந்தானே?" என்றார் கண்காட்சி நடத்தும் டெஸ்மண்ட்.

"உங்க கல்லறையில செத்த தேதிய மட்டும் எழுதினா சம்மதமா?"

"இங்க வச்சிருக்கிற உங்க கம்பெனி கேசட்டே ஓடலியே. மூணு தடவ போட்டுப் பாத்தாச்சு."

"கேசட்ட குத்தம் சொல்லாதீங்க. உங்க ரெக்கார்டர்ல நாடாவப் படிக்கிற தலை கோணியிருக்கு."

கேசட்டை ஓடவிட்டு, குட்டித் திருப்புளியால் அந்தத் தலையின் திருகைக் கால் சுற்றுத் திருப்பினாள். மங்கலான கீச்சொலி கூர்மையானது. ஐந்து நிமிடம் கேசட் ஓடி, விளையாட்டு கணினியில் ஏறியது. பிறகு திரையில் நிறுவனத்தின் சின்னமான சிவப்பு நாரை சிறகடித்தது.

வினிஃப்ரெட் அட்டையின் வெற்றுப் பக்கத்தை அவரிடம் நீட்டினாள்.

"பேனாவ எடுங்க, நான் சொல்றேன்."