மண்டபத்து மணிக்கூடு

கண்ணகை கல்லூரிக்குள் நுழைந்தபோது அங்கே ஒருவரும் இல்லை. மண்டபத்துக் கதவு திறந்திருந்தது. மேசைகள் துடைக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பலகையும் இரண்டு சுவிச்சுகளும் ஒரு பல்பும் வயர்ச் சுருளும் வைக்கப்பட்டிருந்தன. சுவர் மணிக்கூடு எட்டு மணி காட்டியது. பரீட்சை ஒன்பதுக்கு. இவ்வளவு முந்தி எப்படி வந்தோம் என்று அவளுக்கு விளங்கவில்லை. சின்னம்மா வீட்டு மணிக்கூட்டைப் பார்த்து, கணக்குப் போட்டுத்தானே புறப்பட்டாள்.

அந்த வருடங்களில் வாவியின் இரண்டு கரையிலும் நேரம் இரண்டாக இருந்தது. அரசாங்கம் மணிக்கூடுகளை அரை மணித்தியாலம் முன்னே தள்ளி வைத்திருந்தது. ஆமி நின்ற எழுவான்கரையில், பட்டணம் இருக்கும் கிழக்குக் கரையில், அந்தப் புது நேரம். போராளி இயக்கம் நின்ற மேற்குப் பக்கத்துப் படுவான்கரை பழைய நேரத்தை விடவில்லை. பட்டணத்தில் ஒன்பது என்றால் அக்கரையில் எட்டரை. பாதை என்று ஊரார் சொல்லும் அந்தத் தட்டையான மிதவையில் ஏறுகிறவர்கள், ஒரு நேரத்தில் ஏறி இன்னொரு நேரத்தில் இறங்கினார்கள். நடு வாவியில் பாதை போகும்போது என்ன நேரம் என்பது கண்ணகைக்கு வெகுநாள் சந்தேகம். சிரிப்பார்கள் என்று யாரிடமும் கேட்டதில்லை.

யோசேப்பு மாஸ்டர் பட்டணத்தில் பழைய நெல் ஆலை ஒன்றில் இந்தச் சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது, வந்தாறுமூலைப் பல்கலைக்கழகக் கம்பஸுக்கு எடுபடாத, கொழும்புக்கும் போக முடியாத பிள்ளைகளுக்காக. தையல், தட்டெழுத்து, வயரிங் என்று படிப்பித்தார்கள். படிக்க வந்தவர்களில் பாதிக்கு மேல் அக்கரை. துறையில் ஆமியின் சென்றிக் காவலில் நின்று, பையைக் கொட்டிக் காட்டி, உடுப்புக் கசங்கி வந்து சேருகிற பிள்ளைகள் இதற்குமேல் நேரத்தையும் மாற்றிக்கொண்டு திரிய வேண்டாம் என்று மாஸ்டர் நினைத்தார். கல்லூரி பழைய நேரத்தில் நடந்தது. அறிவித்தல் பலகையில் எழுதுவதெல்லாம் பழைய நேரம். பட்டணத்துப் பிள்ளைகள் அதனோடு அரை மணித்தியாலம் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

ரோந்து வந்த ஆமிக்காரர்கள் மண்டபத்து மணிக்கூட்டைப் பார்த்து ஏன் பிந்தி ஓடுகிறது என்று கேட்டிருக்கிறார்கள். பேட்டரி பழசு என்பார் மாஸ்டர். ஒருமுறை ஒரு சிப்பாய் இரக்கப்பட்டுப் புதுப் பேட்டரி கொண்டுவந்து கொடுத்தான். மாஸ்டர் நன்றி சொல்லி அதைப் போட்டார். முள்ளைத் தொடவில்லை.

அக்கரையில், கண்ணகையின் ஊரில் கரண்ட் இல்லை. கம்பங்கள் விழுந்து, கம்பிகளை யாரோ சுருட்டிக்கொண்டுபோய் வெகுகாலம். லைற் எரியாத ஊருக்கு வயர்க்காரி என்று வகுப்பில் அவளைப் பகிடி பண்ணுவார்கள். ஆனால் ஊர் ஆஸ்பத்திரிக்கு ஜெனரேற்றர் ஒன்று வரப்போகிறது. சான்றிதழ் இருந்தால் அந்த வேலை அவளுக்குத்தான் என்று டொக்டர் வாக்குக் கொடுத்திருந்தார். பரீட்சை வருடத்தில் ஒருமுறை. அடுத்த வருடம் பாதை ஓடுமோ ஓடாதோ. இதைத் தவறவிடக் கூடாதென்றுதான் முதல்நாளே இக்கரைக்கு வந்து அமிர்தகழியில் சின்னம்மா வீட்டில் தங்கினாள்.

பெரிய முள் ஆறுக்கு வர, மாஸ்டர் ஒருவரை அழைத்துக்கொண்டு உள்ளே வந்தார். கண்டியிலிருந்து வந்த பரீட்சகர் றவூப். வெள்ளைச் சேர்ட், தோல் பை. வெறும் மேசைகளைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதாகிவிட்டது, மற்றப் பிள்ளைகள் எங்கே என்று கேட்டார்.

மாஸ்டரின் முகம் வெளிறிப்போனது. கண்ணகைக்கும் அப்போதுதான் கொஞ்சம் விளங்கியது. பரீட்சை அறிவித்தல் கொழும்பிலிருந்து வந்தது. மாஸ்டர் அதை அப்படியே பலகையில் ஒட்டிவிட்டார். அதிலிருந்த ஒன்பது புது நேரத்து ஒன்பது. இந்தப் பலகையில் பழைய நேரம்தான் இருக்கும் என்று பழகிய பிள்ளைகளோ, இக்கரையும் அக்கரையும் ஒன்றாக, அரை மணித்தியாலம் பிந்தித்தான் வரப்போகிறார்கள். ஆனால் அப்படியென்றால் தான் மட்டும் எப்படி வந்தாள்? அது இன்னும் விளங்கவில்லை.

ஒரு ஆள் இருந்தாலும் தொடங்குவதுதான் முறை என்றார் றவூப். தொடங்கிக் கால் மணித்தியாலம் கழிந்தால் யாரையும் உள்ளே விட முடியாது. பாதை கரைக்கு வரவே அவ்வளவு நேரம் ஆகும். பிறகு சென்றி.

மாஸ்டர் கண்ணகையின் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"நீ இருந்து செய், மகள். உன்ர பரீட்சையும் போயிரப்படாது."

அவள் வயரைக் கையில் எடுத்தாள். தொடங்கினால் அவளுக்குச் சான்றிதழ். பாதையில் வருகிற அத்தனை பேருக்கும் ஒரு வருடம் போய்விடும். தொடங்காவிட்டால் இவர் பையைத் தூக்கிக்கொண்டு கண்டிக்குப் போய்விடலாம். அப்போது அவளுக்கும் இல்லை. எது சரி என்று யோசிக்க யோசிக்க, கையிலிருந்த வயரின் சிவப்பும் கறுப்பும்கூட மாறிமாறித் தெரிந்தன.

"தொடங்குவமா, பிள்ளை?" என்றார் றவூப்.

"இன்னும் ஒன்பதாகல்ல, சேர்."

அவர் சுவரைப் பார்த்தார். எட்டரை.

"அது பிழையா ஓடுது போல."

மாஸ்டர் வாயைத் திறந்தார். பேட்டரி என்று சொல்லப்போகிறார் என்று கண்ணகைக்குத் தெரிந்தது. சொன்னால் மணிக்கூடு பிழையென்றாகி, பரீட்சை உடனே தொடங்கிவிடும். உண்மையைச் சொன்னால், அக்கரை நேரத்தை இக்கரையில் வைத்திருப்பதாக அரசாங்கத்து ஆள் ஒருவருக்கு முன்னால் ஒப்புக்கொண்டதாகும். அதன் பிறகு யார் யார் வந்து கேட்பார்கள் என்று அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் அவளே முந்திக்கொண்டாள்.

"பிழை இல்ல, சேர். இஞ்ச எல்லாரும் அந்த மணிக்கூட்டுக்குத்தான் வாற. அக்கரைப் புள்ளயள் இப்ப பாதையில வந்துகொண்டிருப்பாங்க. ஆரும் பிந்தல்ல."

 றவூப் பையிலிருந்து விதிமுறைத் தாளை எடுத்து, விரலை வைத்துக் கீழே கீழே வாசித்தார்.

"பரீட்சை மண்டபத்து மணிக்கூட்டின்படி நடக்க வேணும் எண்டு இருக்கு," என்றார். "எந்த மணிக்கூடு எண்டு இல்ல. மாஸ்டர், அது நிக்காம ஓடுமா?"

"ஓடும், சேர். பேட்டரி புதுசு."

றவூப் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டார். தேத்தண்ணி கிடைக்குமா என்று கேட்டார்.

அந்த அரை மணித்தியாலம் யாருடையது என்று கண்ணகைக்குத் தெரியவில்லை. முதலில் வந்தவன் சில்வெஸ்டர், பட்டணத்துக்காரன், தலைக்கு எண்ணெய் வைத்து, அவசரமே இல்லாமல்.

"என்ன கா, ராவே வந்து இஞ்ச படுத்தியா?"

அவள் மெதுவாக நடந்ததைச் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, அவள் போட்ட கணக்கைத் திரும்பச் சொல்லச் சொன்னான். ஒன்பதில் அரையைக் கழித்து எட்டரைக்கு வந்தேன் என்றாள். அக்கரையில் றேடியோ கேட்கும்போது எப்போதும் அப்படித்தானே கழிப்பாள்.

"இஞ்ச கூட்ட வேணும், மொக்கி. நீ பிழையா வந்ததால எங்களுக்குச் சரியாப் போச்சு."

அவளுக்கு அது சரியா பிழையா என்று பிடிபடுவதற்குள் வாசலில் சத்தம் கேட்டது. அக்கரைப் பிள்ளைகள், ஈரச் செருப்புகளோடு. அவர்கள் மணிக்கூட்டை நிமிர்ந்து பார்த்து, ஒன்பதுக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று மூச்சு விட்டார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

பரீட்சை, ஒரு பல்பை இரண்டு சுவிச்சுகளால் எரிக்கவும் அணைக்கவும் வேண்டும். மாடிப்படிக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று போல. கண்ணகையின் ஊரில் மாடி உள்ள வீடே இல்லை. படிக்கும்போதே அவளைக் குழப்பிய பாடம் அது. இன்று கை தானாக ஓடியது.

றவூப் அவளுடைய மேசைக்கு வந்து ஒரு சுவிச்சைத் தட்டினார். பல்பு எரிந்தது. மற்றதைத் தட்டினார். அணைந்தது.

"இதில எரியிற பக்கம் எது, மேலயா கீழயா?"

"சொல்ல ஏலா, சேர். மற்றச் சுவிச்சு எப்படி நிக்குதெண்டு பார்க்க வேணும்."

அவர் புள்ளியைக் குறித்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார். வேலை முடிந்த கண்ணகை மணிக்கூட்டைப் பார்த்தாள். அக்கரைக்குப் போகும் மத்தியானப் பாதை எத்தனை மணிக்கென்று அவளுக்குத் தெரியும். அது கூட்ட வேண்டியதா, கழிக்க வேண்டியதா என்பதுதான் மறந்துபோயிருந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு துறைக்கு ஓடினாள்.