முப்பது நொடி மௌனம்

லிஃப்டில் ஏறினால் "கதவு மூடுகிறது" என்று சொல்வது அவர் குரல். வங்கிக்குப் போன் போட்டால் "தயவுசெய்து காத்திருக்கவும்" என்று மரியாதையாகச் சொல்லி அரை மணி நேரம் நம் உயிரை வாங்குவதும் அவர்தான். வெண்கலக் குரல் என்று யாரோ ஒரு நாள் சொல்லப்போக, பெற்றவர்கள் வைத்த பெயர் மறந்துபோய் வெண்கலம் என்பதே நிலைத்துவிட்டது. ஆளைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். ஒல்லியான உடம்பு, லேசான கூனல், யாராவது எதிரே வந்தால் தானே ஒதுங்கி வழிவிடுகிற சுபாவம்.

ஒலிப்பதிவுக் கூடங்களில் ஒரு வழக்கம் உண்டு. பேச வேண்டியதையெல்லாம் பேசி முடித்த பிறகும் யாரும் எழுந்துவிடக் கூடாது. முப்பது நொடி வெறும் அறையைப் பதிவு செய்வார்கள். சும்மா இருக்கும் அறைக்கும் ஒரு சத்தம் இருக்கிறது. பேச்சை வெட்டி ஒட்டும்போது விழுகிற இடைவெளிகளில் அந்த மௌனத்தைப் போட்டு நிரப்பினால்தான் கேட்பவருக்குக் காது அடைத்ததுபோல் இருக்காது. இந்த முப்பது நொடியில்தான் பெரிய பெரிய ஆட்களின் வண்டவாளம் தெரியும். ஒருவருக்கு வயிறு இரையும், ஒருவருக்கு நாற்காலி முனகும், இன்னொருவருக்குத் தும்மல் வரும். வெண்கலம் மட்டும் ஆணி அடித்ததுபோல் உட்கார்ந்திருப்பார். மூச்சு விடுகிற சத்தம்கூட வராது. பன்னிரண்டு வருஷமாக அவரைப் பதிவு செய்கிற அக்கா, "உங்க மௌனத்துக்கே ஒரு மெடல் குடுக்கலாம்" என்பார். அவருடைய மௌனத்தைப் போட்டுக் கேட்டுச் சரிபார்ப்பதையே அக்கா எப்போதோ விட்டுவிட்டார். மற்றவர்களுடையதை மட்டும் மூன்று முறை கேட்பார்.

எட்டு வயதில் கற்ற வித்தை அது. அவருடைய அப்பா பேருந்துப் பணிமனையில் மேற்பார்வையாளர். சாயங்காலம் படியேறி வரும்போது தொண்டையைச் செருமுவார். குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று. அது காதில் விழுந்ததுமே பையன் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் போய் ஒண்டிக்கொள்வான். மூக்கால் மூச்சு விட்டால் சத்தம் வரும். வாயைத் திறந்து மெல்ல மெல்ல விட வேண்டும், எச்சில் விழுங்கக் கூடாது. அப்படியும் சில நாள் மாட்டிக்கொள்வான். அன்றைக்கு பெல்ட் பேசும். பிறகு அதே மனிதர் சாப்பாட்டு மேஜையில் கண்ணை மூடி, ஒருமுறை செருமிவிட்டு, பரலோகத்தில் இருக்கும் பிதாவை அழைத்து உருக்கமாக ஜெபம் செய்வார். மேலே இருக்கிற தகப்பனும் படியேறி வருகிற இந்த ஆளும் ஒருவர்தான் என்று பையன் நினைத்ததில் என்ன ஆச்சரியம்?

அப்பா இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. வெண்கலமும் ஒரு பிடி மண் போட்டுவிட்டுத்தான் வந்தார். ஆனால் செருமல் மட்டும் போகவில்லை. கூடத்தில் சிவப்பு விளக்கு எரிந்து முப்பது நொடி ஓடத் தொடங்கும். பத்தாவது நொடியிலோ பதினைந்தாவது நொடியிலோ அவர் முதுகுக்குப் பின்னால் குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று. உள்ளங்கை வேர்த்து ஈரமாகிவிடும். பின்னால் இருப்பது பஞ்சு அடைத்த சுவர் என்று தெரியும், ஆனாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். பதிவில் அந்தச் சத்தம் விழுந்திருக்கிறதா என்று அக்காவிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. விழுந்திருக்கிறது என்றாலும் பயம், விழவில்லை என்றாலும் பயம்.

மனைவியின் நச்சரிப்புக்காகச் சபைக்குப் போக ஆரம்பித்தவர். போகப் போக நம்பிக்கை உண்மையாகவே வந்துவிட்டது. இயேசுவிடம் அவருக்கு ஓர் ஒட்டுதல் உண்டு, அடி வாங்கியவர் என்பதால். கர்த்தரே என்பார், ராஜாவே என்பார், மேய்ப்பரே என்பார். எல்லோரும் சேர்ந்து ஜெபிக்கும்போது பிதாவே என்ற சொல் வருகிற இடத்தில் மட்டும் உதடு அசையும், சத்தம் வராது. ஊருக்கெல்லாம் குரல் கொடுக்கிற மனுஷர் அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் ஊமை. பக்கத்திலேயே நிற்கிற மனைவிக்குக்கூட இது தெரியாது.

இந்தப் பாடு தன்னோடு போயிருந்தால் அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பார். அவருக்கு எட்டு வயதில் ஒரு மகள், சரியான வாயாடி. போன மாதம் அவருடைய ஹெட்போனை வைத்து விளையாடி வயரைப் பிய்த்துவிட்டாள். அவர் கை ஓங்கவில்லை, ஆனால் கத்திவிட்டார். கத்துகிற குரல் யாருடையது என்று கத்தும்போதே அவருக்குத் தெரிந்தது. மறுநாளிலிருந்து அவர் வீட்டுக்குள் நுழைந்தால் பிள்ளை இருக்கிற இடம் தெரியவில்லை.

"படியேறும்போது தொண்டையைச் செருமுறீங்கல்ல, அது கேட்டா எங்கயோ ஓடிடுறா," என்றாள் மனைவி துணி மடித்துக்கொண்டே. "சின்னச் சத்தம்கூட வராது. யாருகிட்ட கத்துக்கிட்டாளோ."

வெண்கலம் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். குரலை வைத்துப் பிழைக்கிறவன் செருமாமல் இருப்பானா என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். இப்போது எண்ணிப் பார்த்தார். குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று. மகள் அவரை அப்பா என்று கூப்பிட்டும் ஒரு மாதம் ஆகிவிட்டது. ஏதாவது வேண்டுமென்றால் அம்மாவிடம் "அவங்ககிட்ட சொல்லு" என்கிறாள். செத்துப்போன ஆள் தன் தொண்டையில் குடியேறி, அடுத்த பிள்ளையையும் அலமாரிக்குப் பின்னால் துரத்திக்கொண்டிருக்கிறார். அவரை எப்படித் துரத்துவது என்று வெண்கலத்துக்குத் தெரியவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் சபைப் போதகர் ஒரு வேலை கொண்டுவந்தார். கண் தெரியாதவர்களும் படுக்கையை விட்டு எழ முடியாதவர்களும் ஓர் எண்ணுக்குப் போன் போட்டால் கேட்கும்படி ஒரு கதையைப் பதிவு செய்ய வேண்டுமாம். பைபிளில் வருகிற, எல்லோருக்கும் தெரிந்த கதைதான். வீட்டை விட்டு ஓடிப்போய் எல்லாம் தொலைத்த இளைய மகன் திரும்பி வருகிறான், தகப்பன் தூரத்திலேயே கண்டு எதிரே ஓடுகிறான். போதகர் தன் சொந்த நடையில் இருபது நிமிஷத்துக்கு எழுதியிருந்தார். மனுஷர் பிரசங்கத்தைவிட நன்றாகவே எழுதியிருந்தார். வெண்கலம் மறுக்க வாயெடுப்பதற்குள், "தகப்பனோட குரலுக்கு உங்களை விட்டா ஆளில்ல பிரதர்" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை கூடத்தில் உட்கார்ந்தார்கள். மகன் பன்றித் தொழுவத்தில் பசியோடு கிடக்கிற பகுதி ஒரே மூச்சில் முடிந்தது. தகப்பன் வந்ததும் வண்டி நின்றுவிட்டது. "வாடா என் மகனே, உனக்காகத்தான் வாசல்லயே நிக்கிறேன்" என்பது ஒரே வரி. அதைப் பதினோரு தடவை சொன்னார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அக்கா மைக்கை அழுத்தினார்.

"குரல் நல்லாத்தான் இருக்கு. ஆனா இவர் வாசல்ல காத்துக்கிட்டு நிக்கல. வாசலை அடைச்சுக்கிட்டு நிக்கிறார்."

வெண்கலம் தண்ணீர் குடித்தார். பன்னிரண்டாவது தடவையும் அப்படியேதான் வந்தது. போதும் என்று அக்காவே முடித்துவிட்டார். பிறகு வழக்கம்போல் சிவப்பு விளக்கு, முப்பது நொடி. அன்றைக்கு அந்தச் செருமல் முதுகுக்குப் பின்னால் நிற்கவில்லை. பக்கத்தில் வந்தது. காதோரம் மூச்சுக்காற்று படுகிற அளவுக்குக் கிட்டத்தில், குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார், வாயைத் திறந்து மெல்ல மூச்சு விட்டார். விளக்கு அணைந்ததும் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "பிரமாதம்" என்றார் அக்கா, முப்பது நொடியையும் கேட்காமலே.

இரண்டு வாரம் கழித்துப் போதகர் கூடத்துக்கே வந்துவிட்டார். முகத்தில் குழப்பம். சபையில் ஒரு வயதான அம்மா, கண் பார்வை போனவர். அந்தக் காலத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர், காது மட்டும் கத்தி. கதையை ஆறு தடவை கேட்டுவிட்டுப் போன் செய்தாராம். தகப்பன் பேசுகிற இடைவெளிகளில் பின்னால் ஒரு சின்னப் பிள்ளை அப்பா, அப்பா என்று கூப்பிடுகிறதாம். முதலில் லைன் கோளாறு என்று நினைத்தாராம். இவ்வளவு நல்ல தகப்பன் பேசிக்கொண்டிருக்கும்போது அந்தப் பிள்ளைக்கு யாராவது பதில் சொன்னார்களா, இல்லையா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டுமாம்.

அக்காவுக்கு முகம் வெளுத்தது. கணினியைத் திறந்து, மௌனத்தை மட்டும் தனியாக எடுத்து, சத்தத்தை ஏற்றிவைத்தார். சரிபார்க்காத அந்த முப்பது நொடியைத்தான் இருபது நிமிஷமும் திரும்பத் திரும்பப் போட்டு இடைவெளிகளை நிரப்பியிருந்தார்.

வெண்கலம் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். இத்தனை வருஷம் தள்ளிப்போட்ட கேள்விக்கு இப்போது பதில் வந்துவிடும். பத்தாவது நொடி போயிற்று. பதினைந்து போயிற்று. செருமல் வரவில்லை. காதோரம் கேட்டதே, அந்த இடத்தில் வெறும் அறைதான் இருந்தது. இருபதாவது நொடியில் வாயால் விடுகிற மூச்சு ஒன்று, அதன் பின்னால் ஒரு குரல். வெண்கலக் குரல் இல்லை, மெல்லிய, உடைந்த, பயந்த பிள்ளையின் குரல்.

"அப்பா."

ஹெட்போனைக் கழற்றினார். பிறகு மறுபடியும் மாட்டிக் கேட்டார். தன் வாய்தான். ஆனால் சொன்ன நினைவே இல்லை. அலமாரிக்குப் பின்னால் ஒண்டியிருந்த பிள்ளை அந்த ஆளை ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் இருக்கிற இடம் தெரிந்துவிடும். அப்படியானால் இந்தப் பிள்ளை யாரைக் கூப்பிட்டது? அந்த ஆள் கேட்டுவிடுவாரே என்ற பயத்தையும் மீறி, அந்த ஆளிடமிருந்து காப்பாற்றச் சொல்லி, வேறு ஒருவரைத்தான் கூப்பிட்டிருக்கிறது. பதினாறு வருஷம் சபையில் உதட்டை மட்டும் அசைத்தவருக்கு அது யார் என்று தெரிந்தது. அழுதுவிட்டார். வயது நாற்பத்தாறு, போதகர் முன்னால் என்று எதையும் பார்க்கவில்லை.

போதகருக்கும் கண் கலங்கியிருந்தது. "நமக்குச் சொல்லத் தெரியாதப்போ பரிசுத்த ஆவியானவர் உள்ள இருந்து கூப்பிடுறார்னு நானே எத்தனையோ தடவை பிரசங்கம் பண்ணியிருக்கேன்," என்றார். "காதால கேட்டது இன்னைக்குத்தான்."

அக்கா மன்னிப்புக் கேட்டார். வேறு மௌனத்தை எடுத்து ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடலாம் என்றார். எடுக்க வேண்டாம், இருக்கட்டும் என்றார் வெண்கலம். தகப்பனுடைய அந்த ஒரு வரியை மட்டும் நாளைக்கு வந்து மறுபடி சொல்கிறேன் என்றும், இப்போது வீட்டுக்குப் போக வேண்டும் என்றும் சொல்லிவிட்டு எழுந்தார்.

பிற்பகல் மூன்றரை மணி. மனைவி வேலையிலிருந்து வர இன்னும் நேரம் இருந்தது, பக்கத்து வீட்டு அம்மா மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து விட்டிருந்தார். கீழ்ப்படியில் நிற்கும்போதே மகள் தனக்குத்தானே ஏதோ கதை பேசிக்கொண்டிருப்பது கேட்டது. தொண்டைக்குள் செருமல் திரண்டு வந்தது. விழுங்கிக்கொண்டு ஏறினார். ஆனாலும் காலடிச் சத்தம் காட்டிக்கொடுத்துவிட்டது. சாவி திரும்புவதற்குள் பேச்சு நின்றது.

வீட்டு ஹாலில் யாரும் இல்லை. பாதி வரைந்த படமும் மூடி திறந்த ஸ்கெட்ச் பேனாவும் தரையில் கிடந்தன. வேறு யாராக இருந்தாலும் வீடு காலி என்றுதான் சொல்லியிருப்பார்கள். வெண்கலத்துக்கு மட்டும் அந்த மௌனத்தில் ஓர் ஆள் இருப்பது தெரிந்தது. ஜன்னல் திரைக்குப் பின்னால், வாயைத் திறந்து, மெல்ல மெல்ல மூச்சு விட்டுக்கொண்டு. எச்சில் விழுங்காமல் இருக்க அந்தப் பிள்ளை எவ்வளவு பாடுபடும் என்பதும் அவருக்குத் தெரியும்.

திரையை விலக்கவில்லை. வாசலுக்கு முதுகைக் காட்டியபடி தரையில் உட்கார்ந்தார். கூப்பிட்டால் இன்னும் சுருங்கிக்கொள்வாள். என்ன செய்வதென்று தெரியாமல், ஒலிப்பதிவில் கேட்ட அதே குரலில், இந்தத் தடவை தெரிந்தே சொன்னார்.

"அப்பா."

திரை லேசாக அசைந்தது. உள்ளேயிருந்து கேள்வி வந்தது.

"யாரைக் கூப்பிடுறீங்க?"

"எங்க அப்பாவை."

"தாத்தாதான் செத்துட்டாருல்ல."

"அவரை இல்லடா. எனக்கு இன்னொரு அப்பா இருக்கார். நீ ராத்திரி ஜெபத்துல கூப்பிடுவியே, அவரு."

மகள் யோசித்தாள். திரையிலிருந்து ஒரு கண் மட்டும் வெளியே வந்தது.

"எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"பயமா இருந்துச்சு."

பெரியவர்கள் இப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை. மெதுவாக வெளியே வந்து, ஒரு கை தூரத்தில் நின்றாள். அப்போது அவர் முதுகுக்குப் பின்னால், திறந்து கிடந்த வாசலுக்கு அப்பால், படியில் செருமல் கேட்டது. குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று. மகள் காதில் அது விழவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. வெண்கலம் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து ஒளியவும் இல்லை. இருந்த இடத்திலிருந்தே மகளைப் பார்த்துக் கையை நீட்டினார்.

அவள் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பா," என்றாள், "உங்க கையெல்லாம் வேர்த்திருக்கு."